நம் விமானம் விழுந்த மலை

பிடித்த ஆங்கிலப் படம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. 1956இல் பாரமவுன்ட் வெளியிட்ட ‘தி மவுன்டன்’. இயக்கியவர் எட்வர்ட் டிமிட்ரிக். ஸ்பென்சர் ட்ரேசி அண்ணன், ராபர்ட் வாக்னர் தம்பி. ஆல்ப்ஸ் மலையில், உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் விமானம் மோதி விழுகிறது. மீட்கப் போன குழுவின் தலைவர் மலையிலேயே உயிரை விடுகிறார். பனிக்காலம் தொடங்கிவிட்டதால் இனி யாரும் போக வேண்டாம் என்று ஊர் முடிவு கட்டுகிறது. தம்பிக்காரன் மட்டும் வேறு கணக்குப் போடுகிறான். மேலே செத்துக் கிடப்பவர்களிடம் பணம் இருக்கும், நகை இருக்கும். போய் எடுத்து வந்தால் இந்த ஊரை விட்டே போய்விடலாம். வழி தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். அவனோ மலை ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருப்பவன். தனியாக விட்டால் தம்பி செத்துப்போவான் என்பதற்காகவே கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறான்.

திரைப்பட வரலாறு எழுதுபவர்கள் இந்தப் படத்துக்கு ஒரு பத்திகூடத் தருவதில்லை. டிமிட்ரிக் என்றால் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் சிறைக்குப் போன பத்துப் பேரில் ஒருவர், பிறகு சக கலைஞர்களைக் காட்டிக்கொடுத்து மறுபடி படம் எடுக்க வந்தவர் என்ற கதை வரும். ‘தி கெய்ன் மியூட்டினி’ வரும். இந்தப் படம் வராது. வந்தாலும் ட்ரேசிக்கும் வாக்னருக்கும் முப்பது வயது வித்தியாசம், இவர்கள் எப்படி அண்ணன் தம்பி என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு வருடம் முன்னால் இதே இயக்குநரின் ‘புரோக்கன் லான்ஸ்’ படத்தில் இதே இருவர் அப்பாவும் மகனுமாக நடித்திருந்தார்கள் என்பதும் அந்தக் கேலிக்குத் தோதாகப் போயிற்று. எனக்கு அது குறையாகவே படவில்லை. மூத்தவன் தலையில் குடும்பம் விழுந்து, கடைசித் தம்பியைப் பிள்ளைபோல வளர்த்து ஆளாக்கிய வீடுகள் எங்கள் பக்கம் எத்தனையோ உண்டு.

நான் அதை முதலில் பார்த்தது வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில், எழுபதுகளின் நடுவில். அப்பா ஃபேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்பா அதே எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை இரவு துரைமார் கிளப்பில் பதினாறு எம்எம் படம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி கோயமுத்தூருக்கு இறங்குவதற்கு முன்னால் ஸ்டாஃப் கிளப்பில் ஒருமுறை ஓடும். இரண்டு இடத்திலும் புரொஜெக்டர் ஓட்டுவது சித்தப்பாதான். அதனால் நாங்கள் படம் பார்க்கப் போகும்போதே அவர் ஒருமுறை பார்த்து முடித்திருப்பார். கதையை மட்டும் சொல்லமாட்டார். எத்தனை கெஞ்சினாலும், “நீயே பாரு கண்ணு” என்பார்.

ஜூன் மாதம். ஆனைமலையில் மழை பிடித்துவிட்டால் ஜமக்காளம்கூட ஈரமாகத்தான் இருக்கும். ஜன்னல் இடுக்கு வழியாக மூட்டம் உள்ளே வந்து, புரொஜெக்டர் வெளிச்சம் போகிற பாதை முழுக்கப் புகைந்து தெரியும். திரையிலும் மலை, மூட்டம், குளிர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது அந்நிய தேசமாகவே தெரியவில்லை. பனி ஒன்றுதான் புதிது. அந்தப் பனியும் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. ஆல்ப்ஸில் பனி அந்த நிறமாகத்தான் இருக்கும்போலிருக்கிறது, அல்லது அங்கே எந்நேரமும் பொழுது சாய்கிற வெயில்தான் அடிக்கும்போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

காரணம் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ரீல் மாற்றுகிற இடைவெளியில் பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஈஸ்ட்மன் பிரதி. அந்தக் காலத்து ஈஸ்ட்மன் பிலிமில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சை முதலில் போய்விடும், மிஞ்சுவது சிவப்பு. டெக்னிகலர் முறையில் போட்ட பிரதி என்றால் இந்தக் கதி வராது. அங்கே மூன்று நிறத்துக்கும் தனித்தனி அச்சு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயத்தைப் பிலிமில் ஏற்றுவார்கள். அறுபது வருடம் கழித்து எடுத்தாலும் நிறம் நிற்கும். “டெக்னிகலர்னு டைட்டில்ல போட்டுட்டுச் சாயம் போன துணியக் குடுத்தனுப்பிச்சிருக்கறாங்க” என்று அவர் வருத்தப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. எந்திரத்தின்மேல் அவருக்கு இருந்த மரியாதையில் வந்த வருத்தம் அது.

நிறம் போயிருந்தாலும் அந்த ஏற்றம் போகவில்லை. படத்தின் நடுப்பகுதி முழுவதும் இரண்டு பேர் ஒரு பாறைச் சுவரில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். பேச்சு மிகக் குறைவு. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ட்ரேசி ஒரு கையால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். பாறை நம்பத்தக்கதா என்று விரல்தான் முடிவு செய்கிறது. அப்புறம்தான் உடம்பு மேலே போகிறது. கயிறு உரசி உள்ளங்கை கிழிகிறது. தம்பி பயப்படும்போது அண்ணன் திட்டுவதில்லை. அடுத்து எங்கே கால் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறான். அவசரமில்லாத, வேலை தெரிந்த மனிதனின் அசைவு. படம் எடுத்த 1955இல் ட்ரேசிக்கு ஐம்பத்தைந்து வயது. மூச்சு வாங்குவது நடிப்பா நிஜமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில இடங்களில் பாறை ஸ்டூடியோவில் செய்த பாறைதான், பின்னால் தெரிகிற பள்ளத்தாக்கு திரையில் விழுகிற படம்தான். பெரியவனான பிறகு பார்த்தால் அந்த ஒட்டு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கை பொய்யில்லை. பின்னால் வந்த மலைப் படங்கள் பலவற்றைப் பார்த்தேன். ஐகர் மலைமுகத்திலேயே போய் எடுத்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘தி ஐகர் சாங்ஷன்’ உட்பட. ஆபத்து அதில் நிஜம். ஆனாலும் ஒரு மனிதன் பாறையோடு பேசிக்கொண்டே ஏறுகிறான் என்ற உணர்வை ட்ரேசி தந்ததுபோல வேறு யாரும் எனக்குத் தரவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் படம் திகில் படமாக மாறுகிறது. உடைந்த விமானத்துக்குள் தம்பி ஒவ்வொரு உடம்பாகப் புரட்டிப் பையில் கை விடுகிறான். அண்ணனால் பார்க்க முடியவில்லை. அப்போது ஓர் அசைவு. உயிரோடு ஒரு பெண். கிளப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஏனென்றால் அந்தப் பெண் இந்தியப் பெண்.

“நம்மூருப் புள்ளையாட்டம் இருக்குதுங்களே” என்றார் அம்மா, அப்பாவிடம்.

“இந்தியாவுலருந்து வந்த பிளேன்தான் அது. மொதல்லயே சொன்னாங்களே” என்றார் அப்பா.

அதன்பிறகு தேநீர் குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. தம்பி அவளை அப்படியே விட்டுவிடச் சொல்கிறான். அவள் பிழைத்துக் கீழே போனால் திருட்டு வெளியே வந்துவிடும். அண்ணன் கேட்கவில்லை. விமானத்தின் உடைந்த துண்டுகளை வைத்துச் சறுக்குவண்டிபோல ஒன்று செய்து, அவளைப் போர்த்திக் கட்டி, பனியில் இழுத்துக்கொண்டு இறங்குகிறான். பின்னால் தம்பி. எந்த நிமிடம் என்ன செய்வானோ என்ற பயத்திலேயே அந்த இறக்கம் முழுவதும் போகிறது. கடைசியில் அண்ணன் வேண்டாம் என்று கத்தக் கத்த, தாங்காத பனிப்பாலம் ஒன்றில் தம்பி கால் வைக்கிறான். பனிப்பிளவு அவனை விழுங்கிக்கொள்கிறது.

ஊருக்கு வந்த அண்ணன் எல்லோர் முன்னாலும் பொய் சொல்கிறான். திருடப் போனது நான். பெண்ணைக் காப்பாற்றச் சொன்னது தம்பி என்கிறான். ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. அவன் யார், தம்பி யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? நம்பாமலேயே கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்றிரவு சித்தப்பாவோடு டார்ச் வெளிச்சத்தில் வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் பொய் சொன்னான் என்று கேட்டேன். “செத்தவனுக்கு இனி பேர் மட்டுந்தான கண்ணு இருக்குது” என்றார். அட்டை ஏறிவிட்டதா என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்தக் கதை நடந்த கதையிலிருந்து எடுத்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிய வைத்தது ஒரு பத்திரிகைச் செய்தி. 2020 கோடையில் மோன் பிளான் மலையின் போஸோன் பனியாறு, அரைநூற்றாண்டுக்கு மேல் தனக்குள் வைத்திருந்த இந்தியச் செய்தித்தாள்களை வெளியே தள்ளியிருந்தது. இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி முதல் பக்கத்தில். 1966 ஜனவரி 24 அன்று அங்கே மோதிய ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ போயிங் 707இல் இருந்த தாள்கள். இந்திரா பதவியேற்றதும் அதே நாள்தான். 117 பேர் இறந்த அந்த விமானத்தில் ஹோமி பாபா இருந்தார் என்பதால் அந்த விபத்து நமக்குத் தெரியும். செய்தியின் கடைசியில் ஒரு வரி: ஏறத்தாழ அதே இடத்தில் 1950இல் இன்னொரு ஏர் இந்தியா விமானமும் மோதியிருக்கிறது.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். விமானத்தின் பெயர் ‘மலபார் பிரின்சஸ்’. லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் ரகம், நான்கு இன்ஜின். பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன். 1950 நவம்பர் 3 காலை, ஜெனீவாவில் இறங்க வேண்டிய நேரத்தில் மோன் பிளான் மேகத்துக்குள் இருந்தது. பயணிகள் 40, ஊழியர்கள் 8. ஒருவரும் பிழைக்கவில்லை. மீட்கப் போன ஷாமோனி ஊர் வழிகாட்டி ரெனே பாயோ வழியிலேயே இறந்தார். வேறொரு குழு போய்ச் சேர்ந்தபோது கடிதப் பைகள்தான் கிடைத்தன. விமானத்தில் தங்கம் இருந்ததாக அந்தப் பள்ளத்தாக்கில் வெகுகாலம் பேச்சு ஓடியிருக்கிறது.

ஆன்ரி த்ரோயா இதை வைத்து 1952இல் பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதினார். மாஸ்கோவில் பிறந்து, புரட்சியில் நாட்டைவிட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை அவர். நாவல் நான்கே வருடத்தில் ஹாலிவுட் படமானது. எங்கள் ஸ்டாஃப் கிளப்பில் ரோஸ் நிறப் பனியில் கிடந்தது நம் விமானம்தான்! அப்பா, “இந்தியாவுலருந்து வந்த பிளேன்” என்று சாதாரணமாகச் சொன்னாரே, அந்த விமானம் நிஜமாகவே இந்தியாவிலிருந்து கிளம்பியிருக்கிறது. அந்த விவரத்தைச் சொல்ல அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

எனக்கு மனதை அறுத்தது இன்னொரு விவரம். அந்தப் பயணிகளில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். இங்கிலாந்தில் கப்பல் ஏறி வேலைக்குச் சேரப் போனவர்கள். விமானப் பயணம் என்பது மகாராஜாக்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் உரியதாக இருந்த காலத்தில், கம்பெனி செலவில் ஆகாயத்தில் போன கூலிக்காரர்கள். படத்தில் தம்பி புரட்டிப் பார்க்கிற உடம்புகளில் பணமும் நகையும் இருக்கிறது. உண்மையில் அந்த மலையில் கிடந்தவர்களிடம் என்ன இருந்திருக்கும்? வேலைக்கான காகிதம், ஊர் விலாசம், மாற்றுத் துணி. இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் படத்தின் மேல் கோபம் உண்டு. அந்த மனிதர்களைப் பற்றி ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால், கொள்ளை இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும். பிழைத்த பெண்ணுக்குக்கூட ஒரு பெயர் வைக்கவில்லை. நடிகர் பட்டியலில் அவள் வெறும் ‘இந்துப் பெண்’.

மகன் வேலைக்காக ஜெனீவாவில் குடியேறிய பிறகு ஷாமோனி போகும் வாய்ப்பு வந்தது. பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊர் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில், கிட்டத்தட்ட வால்பாறையின் உயரம். ஆனால் அங்கே நின்று தலையைத் தூக்கினால் 4,800 மீட்டருக்கு ஒரே தூக்காகப் பனி. போஸோன் பனியாறு உச்சிப் பக்கத்திலிருந்து ஊரின் தலைக்குமேல்வரை தொங்குகிறது. முன்பு இன்னும் கீழே, வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். வெப்பம் கூடக் கூடச் சுருங்கி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. சுருங்கும்போது உள்ளே புதைந்திருப்பது வெளியே வருகிறது. உச்சியில் விழுந்த பொருளைப் பனி தன் நடையில் கீழே கொண்டு வந்து சேர்க்க இத்தனை வருடம்.

2012இல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை வந்தது. அடுத்த வருடம் மலையேறிய ஓர் இளைஞருக்கு ஒரு சிறிய பெட்டி கிடைத்தது. உள்ளே மரகதமும் நீலமும் கெம்பும். பெட்டியில் இந்தியாவில் செய்யப்பட்டது என்ற அடையாளம். அவர் நேராகப் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். உரிமையாளரின் வாரிசைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், 2021இல் பாதியை அவருக்கும் பாதியை ஷாமோனி ஊராட்சிக்கும் சட்டப்படி பிரித்துக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது நான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். த்ரோயாவின் தம்பி எதைத் தேடிப் போனானோ அதுவே, அதே மலையில், இன்னொருவன் காலடியில் தானாக வந்து கிடந்திருக்கிறது. அவன் எடுத்து நீட்டியிருக்கிறான்.

கேபிள் காரில் ஏகுய் து மிடி முனைக்கும் போனோம், 3,842 மீட்டர். அது திறந்தது 1955இல், படக்குழு அங்கே வந்த அதே வருடம். மேலே மூச்சுக்கு வேலை அதிகம். நான்கு படி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. ட்ரேசியை நினைத்துக்கொண்டேன். மோன் பிளான் அங்கிருந்து எதிர்வீட்டுத் திண்ணை தூரத்தில் தெரிகிறது, ஆனால் நடுவில் இருக்கிற வெண்மைக்குள் எது எவ்வளவு தூரம் என்று கண்ணால் கணக்கிட முடியாது. மேகம் மூடினால் ஒரு விமானி எதை நம்பியிருப்பார் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

அன்று இரவு மகன் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டோம். மூல நெகட்டிவிலிருந்து புதுப்பித்த பிரதி. இது விஸ்டாவிஷன் படம். பிலிமைக் கேமராவுக்குள் செங்குத்தாக ஓடவிடாமல் படுக்கைவாட்டில் ஓடவிடுவதால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கிற இடம் இரண்டு மடங்குக்கும் மேல். விவரம் அவ்வளவு கூர்மையாக விழும். ஒளிப்பதிவாளர் ஃபிரான்ஸ் பிளேனர் அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பனி வெள்ளையே இல்லை. நிழலில் நீலம், விளிம்பில் வெளிர்மஞ்சள், பிளவுக்குள் பாட்டில் பச்சை. நடுவில் ட்ரேசியின் காய்ந்த பழுப்பு முகம். ரோஸ் நிறப் பனியில் சதை நிறம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தது. இங்கே மனிதன் தனியாகத் தெரிந்தான், மலை தனியாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய இடத்தில் எவ்வளவு சிறிய ஆள் என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. சித்தப்பா பார்த்திருக்க வேண்டும்.

அந்த இந்தியப் பெண்ணாக நடித்தவர் அன்னா காஷ்ஃபி. இந்தியாவில் பிறந்தவர், பின்னால் மார்லன் பிராண்டோவின் முதல் மனைவி. கல்யாணமான கையோடு வேல்ஸில் இருந்த அவருடைய குடும்பத்தைப் பத்திரிகைகள் கண்டுபிடித்து, இவர் இந்தியப் பெண்ணே இல்லை என்று குடைந்து எடுத்தன. அவர் பாவம். படத்தில் அவருக்கு வசனம் மிகக் குறைவு. கண்ணைத் திறந்து, தன்னை இழுத்துப் போகிற கிழவனின் முதுகைப் பார்க்கிறார். அது போதுமானதாக இருக்கிறது.

“இந்தப் பொண்ணு நிஜமா பொழைச்சாளாப்பா?” என்று மகன் கேட்டான்.

இல்லை என்றேன். 48 பேரில் ஒருவரும் இல்லை. த்ரோயா உயிர் கொடுத்து உருவாக்கியவள் அவள்.

அதைச் சொன்னபோதுதான் இந்தப் படம் இத்தனை வருடம் என்னோடு இருப்பதன் காரணம் எனக்கே பிடிபட்டது. அண்ணன் தம்பிக்காகச் சொல்கிற பொய்யும், கதை அந்த விமானத்துக்காகச் சொல்கிற பொய்யும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒருவர்கூட இறங்கி வராத மலையிலிருந்து ஒரு பெண்ணையாவது இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று யாரோ ஓர் எழுத்தாளன் தன் மேசையில் உட்கார்ந்து ஆசைப்பட்டிருக்கிறான். ட்ரேசி அதைத் தன் கையால் செய்து காட்டியிருக்கிறார். நடக்கவில்லை என்று தெரிந்தும், அந்தக் கிராமத்து ஜனங்களைப் போல நானும் நம்பாமலே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன்.

படம் முடிந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. மகனுக்குக் காலையில் ஆபீஸ். எழுந்து விளக்கைப் போடப் போனவன் நின்று, “அந்தப் பாறை ஏர்றத மட்டும் இன்னொரு தடவை பாக்கலாங்களாப்பா?” என்றான். அடிவாரத்தில் அவர்கள் இருவரும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்கிற இடத்திலிருந்து மறுபடி போட்டோம்.